வகுப்பில் மாஸ்க் போட மறுக்கிறான், நான் என்ன செய்யட்டும்?

செப்டம்பர் 2021

கேள்வி:

அக்கா, வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பிஎச்.டி. செய்துகொண்டே டி.ஏ.வாக (ஆசிரியர் உதவியாளராக) வேலை பார்க்கிறேன். முதலாம் ஆண்டு மாணவர்கள் 26 பேருக்கு வாரம் இரண்டு நாள் டிஸ்கஷன் வகுப்பு. ஜன்னல் இல்லாத அறை. கொரோனாவுக்காக வகுப்பறைக்குள் எல்லாரும் மாஸ்க் போடவேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. பின் வரிசையில் இரண்டு பையன்கள் முதல் நாளிலிருந்தே மூக்குக்குக் கீழேதான் போட்டிருந்தார்கள். போன வாரம் அவர்களில் ஒருவன் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டான். போடச் சொன்னேன். "நான் தடுப்பூசி போட்டாச்சு. உங்களுக்குப் பயமா இருந்தா நீங்க ரெண்டு மாஸ்க் போட்டுக்கோங்க" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் பாடத்தைத் தொடர்ந்துவிட்டேன். அடுத்த வகுப்பில் இன்னும் மூன்று பேர் மாஸ்க்கை இறக்கிவிட்டிருந்தார்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. ஊரில் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்தவள் நான். எந்தப் பையனும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. கண்டித்தால் செமஸ்டர் கடைசியில் என்னைப் பற்றி மோசமாக எழுதுவார்களோ, விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று தூக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கும் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தீராமல் மற்ற எதுவும் மனதில் ஏறாது. நீங்கள் முழுநேர மாணவியாகப் பதிவு செய்திருக்கிறீர்களா, அனுமதித்த வேலையை அனுமதித்த மணி நேரத்துக்குள் செய்கிறீர்களா, எஃப்-1 மாணவர் விசாவுக்கு இவைதான் முக்கியம். பல்கலைக்கழகம் எழுதிவைத்த விதியை வகுப்பில் நடைமுறைப்படுத்துவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஒரு மாணவன் கோபித்துக்கொண்டான் என்று விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த உங்கள் ஐ-20 சான்றில் யாரும் கை வைக்கமாட்டார்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டு அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் விசாவை நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். நான் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒழுங்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். வெளிநாட்டு டி.ஏ.க்களிடமிருந்து எங்களுக்குப் புகார் வருவதே அபூர்வம். வந்தாலும் விஷயம் கைமீறிப்போன பிறகுதான் வரும். அதுவரை அவர்கள் தனியாகத் தூக்கத்தைத் தொலைத்திருப்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம்.

அப்புறம் அந்தப் பையன் பேசிய பேச்சு. ஊரில் நீங்கள் வகுப்பறைக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள்; ஆசிரியர் என்ற இடமே பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே பதினெட்டு வயதுப் பிள்ளை உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும், எதிர்த்துக் கேள்வியும் கேட்கும். அதில் பெரும்பகுதி அவமரியாதை இல்லை, இங்கத்திய வழக்கம். இவன் பேசியது அதையும் தாண்டியதுதான், உங்களுக்கு வலித்ததில் தப்பே இல்லை. ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குள் போனால், மாஸ்க் என்பது உங்களுக்கும் அவனுக்கும் நடுவே மானப் பிரச்சினையாகிவிடும். சிரிப்பதற்கு நாலு பேர் இருக்கும் இடத்தில் பதினெட்டு வயதுப் பையன் இறங்கி வரமாட்டான். விதியைப் போட்டது பல்கலைக்கழகம். மீறினால் பதில் சொல்லவேண்டியதும் பல்கலைக்கழகத்துக்குத்தான். வகுப்பில் உங்கள் வேலை விதியைச் சொல்வது, வாய்ப்புக் கொடுப்பது, நடந்ததை எழுதி அனுப்புவது. இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவனைத் திருத்துவதும் தண்டிப்பதும் உங்கள் சம்பளத்தில் இல்லை.

உங்கள் பல்கலைக்கழகத்தில் விதி என்று ஒன்று இருப்பதே இந்த வருடம் பெரிய விஷயம். டெக்ஸாஸில் ஜூலை 29 அன்று ஆளுநர் கிரெக் ஆபட் போட்ட உத்தரவுப்படி அரசு நிறுவனங்கள் யாரையும் மாஸ்க் போடச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அரசுப் பல்கலைக்கழகங்களின் கை கட்டப்பட்டிருக்கிறது. ஜார்ஜியாவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் மாஸ்க் போடும்படி வலியுறுத்தலாம், கட்டாயமாக்க முடியாது. தெற்குக் கரோலைனாவில் பல்கலைக்கழகம் போட்ட விதியை மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் கருத்தால் திரும்பப் பெற்றார்கள். ஒரு பேராசிரியர் வழக்குப் போட்டார். பல்கலைக்கழகத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று ஆகஸ்ட் 17 அன்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே விதி திரும்ப வந்தது.

விதி இல்லாத இடத்தில் ஆசிரியரின் நிலை என்ன என்பதற்கு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் போன மாதம் நடந்ததைப் பாருங்கள். இர்வின் பெர்ன்ஸ்டைன் என்று ஓர் உளவியல் பேராசிரியர், வயது 88. ஓய்வு பெற்ற பிறகும் பாடம் நடத்த வந்தவர். இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. மாஸ்க் இல்லையென்றால் வகுப்பு இல்லை என்று தன் வகுப்புக்குத் தானே ஒரு விதி வைத்திருந்தார். ஆகஸ்ட் 24 அன்று ஒரு மாணவி மாஸ்க் இல்லாமல் வந்தார். பக்கத்தில் இருந்தவர் ஒன்று கொடுத்தார். அவர் அதை மூக்குக்குக் கீழே போட்டுக்கொண்டு, மூச்சுவிடக் கஷ்டமாக இருக்கிறது என்றார். மேலே இழுத்துவிடச் சொல்லிப் பேராசிரியர் கேட்டார்; நடக்கவில்லை. அன்று வராத இரண்டு பேருக்குத் தொற்று உறுதியாகியிருக்கிறது என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. ராஜினாமா செய்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறினார்.

அவர் பின்னால் நிற்க நிறுவனம் இல்லை. மாணவியை வெளியே போகச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. தான் வெளியே போவது ஒன்றுதான் மிச்சம். எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களுக்கு அந்த நிலைமை இல்லை. உங்கள் கையில் எழுத்தில் ஒரு விதி இருக்கிறது.

நீதிமன்றம் ஏதாவது சொல்லிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். இண்டியானா பல்கலைக்கழகம் தடுப்பூசியைக் கட்டாயமாக்கி, விலக்கு வாங்கியவர்கள் மாஸ்க்கும் பரிசோதனையும் செய்துகொள்ளவேண்டும் என்றபோது எட்டு மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் கேட்ட தடையைக் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி ஏமி கோனி பேரட்டும் ஆகஸ்ட் 12 அன்று தலையிட மறுத்துவிட்டார்.

சரி, "தடுப்பூசி போட்டாச்சு" என்கிறானே, அதற்கு என்ன பதில்? வகுப்பில் எந்தப் பதிலும் சொல்லாதீர்கள். விவாதம் தொடங்கினால் உங்கள் ஐம்பது நிமிடமும் போய்விடும், மற்ற 25 பேருக்கு அன்றைய கணக்கும் நடக்காது. ஆனால் உங்கள் மனத் தெளிவுக்காகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போட்டவர்கள் மாஸ்க்கைக் கழற்றலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. மே மாதம் சொன்னது உண்மை. ஜூலை 27 அன்று அதே சி.டி.சி., தொற்று அதிகமுள்ள இடங்களில் போட்டவர்களும் உள்ளே மாஸ்க் அணியவேண்டும் என்று மாற்றிச் சொன்னது. காரணம் டெல்டா என்ற, வேகமாகப் பரவும் கொரோனா வகை. மாசசூசெட்ஸில் பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில் ஜூலையில் கூட்டம் கூடியபோது பரவியதில் அந்த மாநிலத்தவர் 469 பேருக்கு வந்தது. அதில் 346 பேர் முழுத் தடுப்பூசி போட்டவர்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்தது ஐந்தே பேரை, யாரும் இறக்கவில்லை. அந்தப் பையனுக்குத் தடுப்பூசி நல்ல பாதுகாப்பு என்பதில் சந்தேகமே இல்லை. அவன் மூச்சு போய்ச்சேருகிற இடத்தில் இருப்பவர்களுக்கு அது போதாது. 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த 2021 செப்டம்பர் வரை இங்கே தடுப்பூசி வரவில்லை, உங்கள் குழந்தைக்கும் சேர்த்துத்தான். நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, வெட்கப்படவேண்டாம். ஆனால் குழந்தையை வகுப்பில் காரணமாகச் சொல்லாதீர்கள். சொன்னால் விதி மறுபடி உங்கள் சொந்த விஷயமாகிவிடும்.

"அடுத்த வகுப்பில் இன்னும் மூன்று பேர்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். முதல் பையனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்த மூன்று பேருக்கும் மாஸ்க்மேல் எந்தக் கோபமும் இருக்காது. விதி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தார்கள், இல்லை என்று முடிவு செய்துகொண்டார்கள். நீங்கள் வாயைத் திறந்தால் முதலில் திரும்பி வருகிறவர்கள் அவர்கள்தான்.

இதை நான் அனுமானமாகச் சொல்லவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் பங்களாதேஷ் ஆய்வு ஒன்றின் முடிவுகள் வெளியாகியிருக்கின்றன. யேல், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்களும் உள்ளூர் ஆட்களும் சேர்ந்து 600 கிராமங்களில், 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடையே செய்தது. பாதிக் கிராமங்களில் ஒன்றும் செய்யவில்லை. மீதிக் கிராமங்களில் மாஸ்க் இலவசமாகக் கொடுத்தார்கள், ஏன் தேவை என்று சொன்னார்கள், இமாம்களையும் ஊர்ப் பெரியவர்களையும் போட்டுக்காட்டச் சொன்னார்கள். கூடவே, சந்தையிலும் தெருவிலும் மாஸ்க் இல்லாமல் போகிறவரை நிறுத்தி, நேருக்கு நேராக மரியாதையாக நினைவுபடுத்தி, கையில் ஒன்று கொடுக்க ஆள் வைத்தார்கள். ஒன்றும் செய்யாத ஊர்களில் சரியாக மாஸ்க் போட்டவர்கள் நூற்றுக்கு 13 பேர், இந்த ஊர்களில் 42 பேர். குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள், ஊருக்குப் பரிசு என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அவற்றால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. நேரில் ஒருவர் சொல்வதுதான் வேலை செய்தது. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு வந்த தொற்றும் குறைந்தது, 60 வயது தாண்டியவர்களிடம் இன்னும் நன்றாகவே குறைந்தது.

உங்கள் கட்டடத்தின் கதவில் ஒட்டியிருக்கும் போஸ்டரும், டீன் வாராவாரம் அனுப்பும் மெயிலும் ஏன் வேலைக்காகவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அந்த வேலையைச் சம்பளம் குறைந்த, பதவி நிரந்தரமில்லாத, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த உங்களைப் போன்றவர்கள் தலையில் பல்கலைக்கழகங்கள் இறக்கிவைத்திருப்பது சரியில்லை. எங்கள் அலுவலகக் கூட்டங்களில் இதைச் சொல்கிறேன், சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போன வருடம் செப்டம்பரில் உங்களைப் போன்ற பட்டதாரி ஆசிரியர்களே சங்கமாகச் சேர்ந்து கொரோனா பாதுகாப்புக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் சங்கம் இருந்தால் இன்றே போய்ப் பாருங்கள். இல்லையென்றாலும் வியாழக்கிழமை வகுப்பு வந்துவிடும், அதற்குத் தயாராகவேண்டும்.

முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் மாஸ்க் விதியை அதன் பக்கத்தில் போய் முழுதாகப் படியுங்கள். மறுத்தால் ஆசிரியர் என்ன செய்யலாம் என்று அதிலேயே எழுதியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. பல இடங்களில் வரிசை இதுதான்: போடச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஒன்று கொடுக்கவேண்டும், மறுத்தால் வெளியே போகச் சொல்லவேண்டும், போகவும் மறுத்தால் அன்றைய வகுப்பை முடித்துவிட்டுப் புகார் எழுதவேண்டும். உங்கள் இடத்தில் கடைசிப் படி அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அது தெரியாமல் வகுப்புக்குள் போகாதீர்கள்.

முந்தின நாள் மாலை 26 பேருக்கும் ஒரே மெயில் அனுப்புங்கள். யார் பெயரும் வேண்டாம், போன வாரத்தைப் பற்றியும் வேண்டாம். வகுப்பறை விதி இது, மூக்கும் வாயும் மூடியிருக்கவேண்டும், மறந்து வருகிறவர்களுக்காக வாசலில் பெட்டி இருக்கும், விலக்கு வேண்டியவர்கள் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகத்தை அணுகவேண்டும், யாராவது மறுத்தால் வகுப்பைத் தொடரமுடியாது. இவ்வளவு போதும். பெட்டியைத் துறை அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். உங்கள் கைக்காசில் வாங்காதீர்கள்.

வியாழக்கிழமை பத்து நிமிடம் முன்னதாகப் போய், பெட்டியோடு வாசலுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே வந்து உட்கார்ந்து, பக்கத்தில் நண்பன் இருக்கிறவனிடம் சொல்வது வேறு. வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவனிடம் சொல்வது வேறு. வாசலில் பார்வையாளர்கள் கிடையாது. மூக்கு தெரிந்தால் உங்கள் மூக்கின்மேல் விரலை வைத்துக் காட்டினாலே போதும், முக்கால்வாசிப் பேர் இழுத்துவிட்டுக்கொள்வார்கள். மாஸ்க் இல்லாமல் வந்தால் "இந்தா, ஒன்று எடுத்துக்கொள்" என்று பெட்டியை நீட்டுங்கள். நன்றி சொல்லுங்கள். உங்கள் மாஸ்க்கும் சரியாக இருக்கட்டும். ஆறடி தள்ளி நின்று பாடம் நடத்தும் ஆசிரியர் கழற்றிக்கொள்ளலாம் என்று விதி அனுமதித்தாலும் நீங்கள் கழற்றாதீர்கள். தொண்டை கட்டினால் மைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. காதுகேளாத, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவர் யாராவது இருந்தால் வாய்ப் பகுதி கண்ணாடிபோல் தெரியும் மாஸ்க் கிடைக்கிறது. அதே மாற்றுத்திறனாளி அலுவலகத்தில் சொன்னால் ஏற்பாடு செய்வார்கள்.

இன்னொன்று, காபி. ஒரு கோப்பையை ஐம்பது நிமிடமும் கையில் வைத்துக்கொண்டு, குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று மாஸ்க்கைத் தாடையில் விட்டுக்கொள்ளும் மாணவர்கள் எல்லாக் கட்டடத்திலும் உண்டு. உள்ளே சாப்பாடு, பானம் கூடாது, தாகமெடுத்தால் வெளியே போய்க் குடித்துவிட்டு வரலாம் என்பதையும் மெயிலிலேயே சேர்த்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அந்தப் பையன் உள்ளே வந்து கழற்றினால், எல்லாரையும் பார்த்து ஒரு முறை பொதுவாகச் சொல்லுங்கள். அவன் போடவில்லையென்றால் அவனிடம் போங்கள், ஆனால் கைநீட்டும் தூரத்துக்குள் போகவேண்டாம். குரலைத் தாழ்த்தி, "இந்த அறையில் மாஸ்க் போடவேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. இப்போது போட்டுக்கொள், இல்லையென்றால் வெளியே போகவேண்டியிருக்கும். எது வேண்டும் என்று நீயே சொல்." இதை ஆங்கிலத்தில் உங்கள் வாய்க்கு எளிதாக வரும் சொற்களில் எழுதி, வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கோபத்திலும் பதற்றத்திலும் நமக்கு வேற்றுமொழி தடுமாறும். அந்த நேரத்தில் வாக்கியம் தேடக்கூடாது. சொல்லிவிட்டு நேராகப் பலகைக்குத் திரும்பிப் போய்விடுங்கள். தலைமேல் நின்றுகொண்டிருந்தால் அவனால் போடமுடியாது; நீங்கள் முதுகைத் திருப்பினால் பல பேர் சத்தமில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அந்த அரை நிமிடத்தை அவனுக்குக் கொடுங்கள்.

அவன் ஏதாவது பேசினால், தடுப்பூசி, சுதந்திரம், எதுவானாலும், "அதை டீன் அலுவலகத்தில் பேசலாம். இப்போது போடுகிறாயா, போகிறாயா?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது முறையும் மறுத்தால் வகுப்பை முடித்துவிடுங்கள். "இன்றைய வகுப்பைத் தொடரமுடியவில்லை, கணக்குகளையும் விடைகளையும் மாலைக்குள் பதிவேற்றுகிறேன்" என்று அறிவித்துவிட்டுக் கிளம்புங்கள். அவனால்தான் என்று பெயரைச் சொல்லாதீர்கள். மற்ற பிள்ளைகளை அவன்மேல் ஏவிவிட்ட மாதிரி ஆகக்கூடாது. சொன்னபடி மாலைக்குள் பதிவேற்றிவிடுங்கள். துறைத் தலைவர் அனுமதியில்லாமல் வகுப்பை நீங்களாக ஆன்லைனுக்கு மாற்றிவிடாதீர்கள். அங்கேதான் உங்கள்மேல் தவறு வரும்.

செய்யக்கூடாதது என்று எதையும் பட்டியல் போடப் போவதில்லை, இரண்டைத் தவிர. ஒன்று, போலீஸ். மாஸ்க் போடவில்லை என்பதற்காக வளாகப் போலீஸைக் கூப்பிடாதீர்கள். அடிக்க வந்தால், மிரட்டினால், வழியை மறித்தால் கூப்பிடுங்கள், தயங்கவே வேண்டாம். அது இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவரைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த அறைக்குள் வரவழைத்தால் என்னவெல்லாம் நடக்கலாம் என்று இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும், கறுப்பின மாணவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டாவது, உடல்நிலை. ஒருவர் மாஸ்க் போடமுடியாது என்று சொன்னால் "உனக்கு என்ன வியாதி?" என்று கேட்காதீர்கள், மருத்துவர் சீட்டும் கேட்காதீர்கள். 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் விலக்கு கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதை விசாரித்து முடிவு செய்வது அதற்கான அலுவலகம். விலக்கு கிடைத்தால் கடிதம் உங்களுக்கு வரும், காரணம் அதில் இருக்காது. கடிதம் வரும்வரை எல்லாருக்கும் உள்ள விதிதான் அவருக்கும். அதேபோல யாருக்குத் தொற்று வந்தது, யாருக்கு விலக்கு இருக்கிறது என்பதை வகுப்பில் வாய்தவறியும் சொல்லாதீர்கள்.

புகார் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்களுக்கு வரும் புகார்கள் பலவும் இதனாலேயே வீணாகின்றன. "திமிராக நடந்துகொண்டான், வகுப்பையே கெடுத்தான்" என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். திமிரை வைத்துக்கொண்டு நாங்கள் ஒன்றும் செய்யமுடியாது. நடந்தது வேண்டும். உங்கள் அறிக்கை இப்படி இருக்கட்டும்:

"செப்டம்பர் 16, வியாழன், காலை 10.03. பாட எண், அறை எண். இன்னார், பின் வரிசையில் இடமிருந்து இரண்டாவது இருக்கை. மாஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வகுப்புக்குப் பொதுவாக ஒரு முறை விதியை நினைவுபடுத்தினேன். 10.05க்கு அவரிடம் தனியாகச் சொன்னேன், புதிய மாஸ்க் கொடுத்தேன், வாங்கவில்லை. போடலாம் அல்லது வெளியே போகலாம் என்றேன். 'இரண்டும் செய்யமாட்டேன்' என்றார். 10.08க்கு மறுபடி கேட்டேன், பதில் இல்லை. 10.09க்கு வகுப்பை முடித்தேன். முந்தின நாள் அனுப்பிய மெயிலை இணைத்திருக்கிறேன்."

அவ்வளவுதான். அன்றே எழுதுங்கள், இரவு தாண்டவிடாதீர்கள். அவர் சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளுக்குள் போடுங்கள். எங்கள் விசாரணை கிரிமினல் வழக்கு மாதிரி இல்லை. இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். நேரமும் சொல்லும் சரியாக இருக்கும் ஓர் அறிக்கையும், முந்தின நாள் மெயிலும் இருந்தால் அனேகமாக அது முடிந்த வேலை. நாங்கள் அந்த மாணவரைக் கூப்பிட்டுப் பேசுவோம். அவர் தரப்பையும் கேட்போம், கேட்கவேண்டும். முதல் முறையென்றால் பெரும்பாலும் எச்சரிக்கையோடு முடியும். திரும்பச் செய்தால் நன்னடத்தைக் கண்காணிப்பு, அதற்கு மேலும் போனால் வகுப்பிலிருந்து நீக்கம்வரை போகலாம். எங்கள் அறைக்குள் வந்து உட்காருகிற பையன்கள், வகுப்பில் கேட்ட அதே கேள்விகளை அங்கே கேட்பதில்லை. சிரிக்க ஆள் இல்லாத இடத்தில் அவர்கள் வேறு பிள்ளைகள். சில பேர் வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அழுதிருக்கிறார்கள். உங்கள் பையனும் அப்படி ஒருவனாக இருக்கலாம். அவனை வெறுக்காதீர்கள், தண்டனை வாங்கித்தர வேண்டும் என்ற நினைப்போடும் எழுதாதீர்கள்.

போன வாரம் நடந்ததையும் இதே முறையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நினைவு கலையுமுன். அவன் பேசிய அந்த வாக்கியம், சிரிப்பு, அடுத்த வகுப்பில் மூன்று பேர், எல்லாம் தேதியோடு.

மாணவர்கள் எழுதும் மதிப்பீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோபத்தில் இரண்டு பேர் மோசமாக எழுதக்கூடும், இல்லையென்று சொல்லமாட்டேன். வேற்றுமொழி உச்சரிப்பு உள்ள பெண்ணைப் பற்றி எழுதும்போது சிலரின் கை இன்னும் தாராளமாக ஓடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்கு மருந்து, டிசம்பரில் விளக்கம் சொல்லாமல் செப்டம்பரிலேயே எழுத்தில் பதிவு செய்வது. துறைத் தலைவருக்கு இப்போது போகும் மெயில், செமஸ்டர் முடிவில் அந்த மதிப்பீட்டைப் படிக்கிறவருக்குக் காரணம் சொல்லும். மாஸ்க் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் இருபது பிள்ளைகளும் எழுதப்போகிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள். போன வாரம் நாலைந்து பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிக்கவில்லை. அவர்களில் வீட்டில் பாட்டியோடு இருக்கிறவர்கள், கீமோ எடுத்துக்கொள்ளும் அம்மா உள்ளவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. யாராவது சொல்லமாட்டார்களா என்று அவர்களும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

உங்களுக்காகவும் குழந்தைக்காகவும் ஒரு விஷயம். துணி மாஸ்க்கை விட்டுவிட்டு, முகத்தோடு ஒட்டி நிற்கும் கேஎன்95 போட்டுக்கொள்ளுங்கள், போலி இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். வகுப்பறைக் கதவைத் திறந்தே வையுங்கள். ஜன்னல் இல்லாத அறைக்கு நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும் என்றோ, வேறு அறை வேண்டும் என்றோ எழுத்தில் கேளுங்கள். கிடைக்காமலும் போகலாம். கேட்டது பதிவில் இருக்கட்டும்.

இன்றிரவு ஒரு வேலை. பாடத்தை நடத்தும் பேராசிரியருக்கும் துறைத் தலைவருக்கும் சேர்த்து ஒரு மெயில் அனுப்புங்கள். போன வாரம் நடந்ததை நாலு வரியில் சொல்லிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: மறுத்தால் வகுப்பை முடிக்க எனக்கு அனுமதி உண்டா? புகாரை யாருக்கு அனுப்பவேண்டும்? வியாழக்கிழமை முதல் பத்து நிமிடம் பேராசிரியர் வகுப்புக்கு வரமுடியுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அவர் வாசலில் உங்கள் பக்கத்தில் வந்து நின்றாலே போதும், ஒரு வார்த்தைகூடப் பேசவேண்டாம். புதன் மாலைக்குள் பதில் வராவிட்டால் நேரில் அவர் அறைக்குப் போங்கள். வியாழக்கிழமை அறிக்கை எழுதும்படி ஆனால், அனுப்புமுன் மாணவர் பெயரை எடுத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா